ஆறிப்போன பொட்டலம்

1

நான் வாழும் ஊரில் இரவுச் சாப்பாடு மாலை ஆறு மணிக்கு. கோடையில் அந்நேரம் வெயில் முகத்தில் அடிக்கும். ஆனாலும் தெரு முழுவதும் ஒருசேர உண்ண உட்கார்ந்துவிடும். நெதர்லாந்துக்காரர்கள் சன்னல் திரையை மூடுவதில்லை. நடந்து செல்பவன் வீட்டுக்கு வீடு தட்டுகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். பார்க்காததுபோல் போவது நாகரிகம். ஏழு மணிக்குள் பாத்திரங்கள் கழுவப்பட்டிருக்கும். இங்கு வந்து முப்பத்தேழு ஆண்டுகள் ஆகியும் என் வயிறு இந்த ஒழுங்குக்கு உடன்படவில்லை. இரவு பத்தரை மணிக்கு அது தேனியில் இருக்கிறது.

என் மனைவி தனலட்சுமி சென்ற ஆடியில் காலமானாள். அவள் பெயருக்கு இன்னமும் கடிதங்கள் வருகின்றன. அரசு அலுவலகம் ஒன்று அவளுடைய வாகன உரிமத்தைத் திருப்பி அனுப்பச் சொல்கிறது. அவள் வாழ்நாளில் வண்டி ஓட்டியதில்லை. இன்னொன்று உறையின்மேல் "தனலட்சுமியின் வாரிசுகளுக்கு" என்று அச்சிட்டு அனுப்புகிறது. வாரிசுகள் என்ற பன்மையில் நானும் என் மகள் கவிதாவும் அடக்கம். கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். பதில் எழுதுவதில் எனக்குத் தாமதம் கிடையாது.

முதலாண்டுத் திதி நெருங்கியதும், உட்ரெக்ட் நகரில் வேலை பார்க்கும் கவிதா தொலைபேசியில் அழைத்தாள். இரண்டு வயதில் இங்கு வந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் அதில் இறந்தகாலம் குறைவு.

"அப்பா, இலையில அம்மாவுக்குப் பிடிச்சது வைக்கணும்தானே? அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?"

எங்கள் பக்கத்து வழக்கம் அது. திதியன்று இலை போட்டு, சோறு கறியோடு, போனவர் விரும்பி உண்டதையும் வைப்போம். சுருட்டுப் பிரியருக்குச் சுருட்டுகூட வைப்பதுண்டு. தயங்காமல் பதில் சொன்னேன்.

"முட்டை புரோட்டா. மொக்கராசு கடைப் பக்குவத்தில்."

"நிச்சயமா?"

"நாற்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்திருக்கிறேன், கவிதா."

2

மொக்கராசு கடை எது என்று கேட்பவர்களுக்குச் சொல்லவேண்டும். எண்பதுகளில் நான் பெரியகுளம் அருகே ஒரு பண்ணையில் மண்ணாய்வு செய்துகொண்டிருந்தேன். குடியிருப்பு அல்லிநகரத்தில். தேனியில் மதுரைச் சாலையும் கம்பம் சாலையும் பெரியகுளம் சாலையும் கூடும் இடத்திற்குச் சற்றுத் தள்ளி, பகலில் சைக்கிள் கடையாக இருந்த ஓர் இடம் இரவு எட்டு மணிக்குமேல் புரோட்டாக் கடையாகிவிடும். அதன் உரிமையாளர்தான் மொக்கராசு. மேற்கிலிருந்து வரும் ஆடிக் காற்று பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தாக்காமலிருக்கச் சாக்குப் படுதா கட்டியிருப்பார். அதற்குள் புரோட்டாக் கல், கல்லுக்கு முன்னால் இரண்டு பெஞ்சு. பெரும்பாலோர் நின்றுதான் சாப்பிடுவோம்.

இரவில் அந்தத் தெருவுக்கு ஒரு நேர அட்டவணை இருந்தது. ஒன்பது மணிக்குப் பருத்திப்பால் வண்டி மணியடித்துக்கொண்டு வரும். கருப்பட்டியும் சுக்கும் கலந்த அதன் வாசனை, வண்டிக்கு முன்பே வந்துவிடும். பத்து மணிக்கு ஏலத்தோட்டத்து ஜீப்புகள் குமுளி மலையிலிருந்து இறங்கி வந்து நிற்கும். அவற்றில் வரும் மலையாளத்துக்காரர்கள் பால் கலக்காத கட்டஞ்சாயா கேட்பார்கள். கம்பத்துத் திராட்சையும் சின்னமனூர் வாழையும் ஏற்றிய லாரிகள் மதுரைக்குப் போகுமுன் அங்கே ஒருமுறை மூச்சுவிடும். சினிமா இரண்டாம் ஆட்டம் விட்டதும் கூட்டம் ஒரேயடியாக வந்து விழும். அந்நேரத்தில் மொக்கராசு நான்கு புரோட்டாக்களை அடுக்கி, இரண்டு உள்ளங்கைகளாலும் பக்கவாட்டில் அறைந்து உதிர்ப்பார். அந்த ஓசை அல்லிநகரம்வரை கேட்கும் என்று பேசிக்கொள்வோம். கேட்காது. ஆனால் அதை நினைத்துக்கொண்டு படுத்தால் உறக்கம் வராது என்பது உண்மை.

நாங்கள் பண்ணை நண்பர்கள் நால்வர். வாரத்தில் இரண்டு இரவுகள் தவறாமல் போவோம்.

"வாங்க சார், காத்துக்கு இங்கிட்டு வந்து நில்லுங்க" என்று மொக்கராசு இடம் ஒதுக்குவார். உதிர்த்த புரோட்டாவின்மேல் சால்னாவை ஊற்றிவிட்டு, "மண்ண ஆராய்ச்சி பண்றீகளே, இந்தக் கல்லுல ஒட்டியிருக்கிற கரிய ஆராய்ச்சி பண்ணிச் சொல்லுங்களேன், எத்தன வருசத்துக் கரின்னு" என்பார்.

"கழுவாத கல்ல ஆராய்ச்சி வேற பண்ணணுமாண்ணே?" என்பான் நண்பன் தங்கவேல்.

"கழுவுனா ருசி ஓடிப்போகும்டா. நீ தின்னுறதே அந்தக் கரியத்தான்."

கிளம்பும்போது மொக்கராசு கேட்காமலே ஒரு முட்டை புரோட்டாவை வாழையிலையில் வைத்து, செய்தித்தாள் சுற்றி, சணல் கயிற்றால் கட்டுவார். சால்னா தனிப் பையில்.

"மதினிக்கு முட்டைய கொஞ்சம் தூக்கலாப் போட்டுருக்கேன் சார்."

"பொட்டலம் இல்லாமப் போனா சாருக்குக் கதவு தொறக்காதுண்ணே" என்பான் தங்கவேல்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடையில் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் கணவர்கள் பலர். நான் அப்படிப்பட்டவனில்லை என்பதற்கு அந்தப் பொட்டலம் சாட்சி. சைக்கிளில் அல்லிநகரம் சேர இருபது நிமிடம் ஆகும். அவள் கதவைத் திறந்து, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "சாப்டீங்களா?" என்று கேட்பாள். நான் சாப்பிட்டு வந்திருப்பது தெரிந்தும் கேட்பாள். பிறகு நான் படுத்துவிடுவேன்.

3

தனலட்சுமியின் நோய் முற்றிய பிறகு, வீட்டுக்கு வரும் செவிலி ஒரு படிவம் கொண்டுவந்தாள். நோயாளி எதை விரும்பி உண்பார் என்று அதில் ஒரு கேள்வி. நான் தெளிவான எழுத்தில் நிரப்பினேன்: தட்டையான அடுக்கு ரொட்டி, முட்டையுடன், காரக் குழம்பு தோய்த்தது. செவிலி தனத்தின் பக்கம் திரும்பி, "சரியா?" என்று டச்சு மொழியில் கேட்டாள். தனம் என்னைப் பார்த்தாள். பிறகு செவிலியிடம், "என் கணவர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும்" என்றாள். செவிலி சிரித்துவிட்டுக் கையெழுத்திட்டாள்.

அதற்கு அடுத்த வாரம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, தனம் கேட்டாள்.

"நாளைக்குச் சந்தைக்குப் போவமா?"

எங்கள் ஊரில் சனிக்கிழமைதோறும் தேவாலயத்துச் சதுக்கத்தில் சந்தை கூடும். இருபது ஆண்டுகளாக அவள்தான் போய்க் காய்கறி வாங்கி வருவாள். அப்போது அவளால் கட்டிலைவிட்டு நாற்காலிவரை வருவதே பெரும்பாடு.

"என்ன வேணும்னு சொல்லு. நான் வாங்கிட்டு வர்றேன்" என்றேன்.

"ஒன்னும் வேணாம்" என்றாள்.

4

திதிக்குப் புரோட்டா செய்வது பற்றி விவரம் கேட்க, தனத்தின் தங்கை செல்வியை அழைத்தேன். செல்வி இப்போது உத்தமபாளையத்தில் இருக்கிறாள். கல்லூரியில் படித்த மூன்று ஆண்டுகளும் அல்லிநகரத்தில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள்.

"மச்சான், ஒடம்புக்கு ஒன்னுமில்லையே?" என்றுதான் எடுத்தாள்.

இல்லை என்று சொல்லி, விஷயத்தைச் சொன்னேன்.

"அக்காவுக்கா? புரோட்டாவா?" என்றாள். "யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன். வாரத்துக்கு ரெண்டு நாள் வாங்கிட்டு வருவேனே. உனக்கு ஞாபகம் இல்லையா?"

மறுமுனையில் சிரிப்பு. பிறகு சிரித்தது தவறு என்று எண்ணியவள்போல் குரலைத் தாழ்த்தினாள்.

"ஞாபகம் இல்லாமயா? அதத் தின்னது பூராம் நானுல்ல. காலேசு படிக்கையில நான் எதுல அப்படிக் குண்டானேன்னு நெனச்சீக?"

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"நீங்க போயிப் படுத்ததும் அக்கா என்னைய வந்து எழுப்பும். 'ஏய், எந்திரிடி, மச்சான் வாங்கிட்டு வந்துருக்காக, தின்னுட்டுப் படு'ன்னு. நான் தூக்கத்துலயே திம்பேன். அது பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டு இருக்கும். ஒரு வாய் தின்னுக்கான்னா, ஆறிப்போனது தொண்டையில எறங்காதுடிங்கும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'அம்புட்டுத் தூரம் ஆசையா வாங்கிட்டு வர்றாக, சொன்னா மொகம் வாடிப்போகும்'னுச்சு."

"அப்ப அவளுக்கு என்னதான் ஆசை?"

செல்வி வீட்டினுள் யாரையோ தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்கச் சொன்னாள்.

"அங்கன போயி நிக்கணும்னு ஆச, மச்சான். கல்லுல இருந்து எடுத்த சூட்டுல, நின்ன வாக்குல திங்கணும்னு. ஒருக்கா உங்ககிட்டக்கூடக் கேட்டுச்சுல்ல? மறந்துட்டீகளா?"

மறக்கவில்லை. நினைவுபடுத்திக்கொள்ளாமல் இருந்தேன்.

5

திருமணமான இரண்டாம் ஆண்டு, ஆடி மாதம். கம்பம் கணவாய் வழியாகக் காற்று இரவும் பகலும் வீசும் பருவம். ஓட்டுக்குள் புகுந்து ஊளையிடும். விளக்கு அணைத்தபிறகு கேட்டாள்.

"என்னங்க, நாளைக்கு நானும் வரட்டா?"

"எங்கன?"

"அந்தக் கடைக்குத்தான். நின்னு தின்னுட்டு ஒடனே வந்துருவோம். தலையில முக்காடு போட்டுக்கிறேன், யாருக்குத் தெரியப்போகுது?"

நான் கோபப்படவில்லை. அவளைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. இதைத் தற்காப்பாக எழுதவில்லை; கோபப்பட்டிருந்தால் அவள் மறுமுறை வாதாடியிருக்கக்கூடும்.

"அங்கன பூராம் லாரிக்காரக, ஜீப்புக்காரக. பொம்பளையாளுக யாரும் வரமாட்டாக, தனம். உனக்கு என்ன வேணும்னு சொல்லு. வாங்கிட்டு வந்துர்றேன்."

ஓட்டின்மேல் காற்று போய்க்கொண்டிருந்தது. அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அப்ப ஒரு முட்டை புரோட்டா" என்றாள்.

நான் கேட்ட கேள்விக்கு அவள் சொன்ன பதில் அது. அதை வாழ்நாள் முழுவதும் அவளுடைய விருப்பம் என்று வைத்துக்கொண்டேன். செவிலியின் படிவத்திலும் எழுதினேன்.

அந்நாளைய வழக்கத்தைக் காரணம் காட்டலாம். பெண்கள் ஓட்டலில் உண்பதென்றால் திரை போட்ட குடும்ப அறை. தெருவில் நின்று வாயசைப்பது சித்திரையில் வீரபாண்டித் திருவிழா இரவுகளில் மட்டும் மன்னிக்கப்பட்டது. ஆனால் எங்கள் நால்வரில் எவனுக்கும் வழக்கத்தைப் பற்றிப் பெரிய மரியாதை இருந்ததில்லை. மண்ணில் உப்பு ஏறியிருக்கிறது என்று நாங்கள் சொன்னால் தலைமுறை தலைமுறையாக நெல் போட்ட விவசாயி பயிரை மாற்றவேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள் நாங்கள்.

6

திதிக்கு முந்தைய சனிக்கிழமை, காய்கறி வாங்கச் சந்தைக்கு நான் போனேன். அவள் எடுத்துச் செல்லும் துணிப்பையையே எடுத்துச் சென்றேன். கம்பத்து விதைக்கடை ஒன்றின் பெயர் தமிழில் பெரிதாக அச்சிட்ட பை. வெண்டைக்காய் கிடைக்கவில்லை. பூசணி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, மீன் வண்டியிலிருந்து ஒருவர் கரண்டியை உயர்த்தி என்னை அழைத்தார்.

நெதர்லாந்தில் மீன் வண்டி என்பது சந்தையின் ஒரு மூலையில் நிற்கும் நீளமான ஊர்தி. பக்கவாட்டைத் திறந்தால் கடை. மாவில் தோய்த்த மீன் துண்டுகளைக் கண்ணெதிரே எண்ணெயில் பொரித்துக் காகிதத் தட்டில் தருவார்கள். ஆணும் பெண்ணும் நீதிபதியும் குப்பை அள்ளுபவரும் அதைச் சுற்றி நின்று தின்பார்கள். நான் அதைக் கடந்து ஆயிரம் முறை நடந்திருக்கிறேன். எண்ணெய் வாடை கோட்டில் ஏறிவிடும் என்று எதிர்ப்பக்கமாகவே நடப்பேன்.

"அந்தப் பை" என்றார் அவர். ஐம்பது வயதிருக்கும், ஹெங்க் என்று பின்னால் பெயர் சொன்னார். "அந்த எழுத்துகளை எனக்குத் தெரியும். அந்த அம்மா எங்கே? ஒரு வருடத்துக்கு மேலாகக் காணோம்."

நான் சொன்னேன். டச்சு மொழியில் அந்த வாக்கியத்தை இதற்குள் பல அலுவலகங்களில் சொல்லிப் பழகியிருந்தேன், பிழையில்லாமல் வந்தது. அவர் தொப்பியைக் கழற்றினார். எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது.

"நீங்கள் யார்?"

"கணவன்."

"ஓ. எப்போதும் படித்துக்கொண்டே இருப்பவர்." அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. "ஒவ்வொரு சனிக்கிழமையும், பதினொரு மணிக்கு. பாதித் தட்டு. முன்பே பொரித்து எடுத்து வைத்திருப்பதைக் கொடுத்தால் வாங்கமாட்டார். 'சூடாக' என்பார். எண்ணெயிலிருந்து எடுத்து அப்படியே தரவேண்டும். இதோ இந்த மூலையில் நின்று சாப்பிடுவார். மழை பெய்தாலும் இங்கேதான்."

சனிக்கிழமை மதியங்களில் தனம் சரியாகச் சாப்பிடமாட்டாள். வயிற்றில் அமிலம் அதிகம் சுரக்கிறது என்று மருத்துவரிடம் நானே விளக்கினேன். அவர் மாத்திரை எழுதித் தந்தார். ஆண்டுக்கணக்கில் வாங்கி வைத்தேன்; அவளும் மறுக்காமல் வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

"ஒருமுறை கேட்டேன்" என்றார் ஹெங்க், "கணவருக்கும் கொஞ்சம் கட்டித் தரட்டுமா என்று. வேண்டாம் என்றார். 'கொண்டுபோனால் ஆறிவிடும். அவரை ஒரு நாள் இங்கே அழைத்து வருகிறேன்' என்றார்."

சனிக்கிழமைகளில், பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று அவள் "வர்றீகளா?" என்று கேட்பதுண்டு. கேட்டுவிட்டுச் சற்று நிற்பாள். காய்கறி வாங்க இரண்டு பேர் எதற்கு என்று நான் கருதினேன்.

ஹெங்க் குனிந்து எதையோ தேடினார். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், துடைக்கும் துணிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறு எவர்சில்வர் டப்பாவை எடுத்து வைத்தார். மூடியில் ஆணியால் புள்ளி புள்ளியாகத் "த" என்று பொறித்திருந்தது. எங்கள் திருமணச் சீரில் அஞ்சறைப்பெட்டியோடு சேர்ந்து வந்தது. காணாமல் போய் இருபது ஆண்டு ஆகிவிட்டது என்று நினைத்திருந்தோம், நினைத்திருந்தேன். உள்ளே மிளகாய்ப் பொடி. ஆண்டுதோறும் செல்வி அனுப்பும் பொடி ஏன் இவ்வளவு விரைவில் தீர்கிறது என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"இங்கேயே வைத்திருப்பார். என் மனைவி தூக்கிப் போடச் சொன்னாள். எனக்கு மனம் வரவில்லை" என்றார்.

அன்று நான் ஒன்றும் வாங்கவில்லை. டப்பாவையும் எடுத்துக்கொள்ளவில்லை. வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

7

திதி செவ்வாய்க்கிழமை வந்தது. கவிதா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். ஆசியக் கடையில் உறைந்த வாழையிலை வாங்கி, வெந்நீரில் தளர்த்தி விரித்தோம். சோறு, பருப்பு, பூசணிக்கூட்டு, அப்பளம், பாயசம். இலையின் வலது மூலையில் ஓர் உள்ளங்கை அகலம் காலியாக விட்டேன்.

"புரோட்டா?" என்று கேட்டாள் கவிதா.

"வேண்டாம். உன் அம்மா அதைச் சாப்பிட்டதே இல்லை."

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. சொல்லி முடித்ததும் அவள் அந்தக் காலியிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும் அப்பா, மீன். காலேஜ் லீவுக்கு வர்றப்ப என்னையும் கூட்டிட்டுப் போவாங்க. அப்பாகிட்ட சொல்லாதேன்னு சொல்லல. நீங்க கேட்கல."

தோட்டத்துக் கல்மேல் சோற்றை வைத்தோம். இங்கே ஊர்க் காகம் இல்லை. வெளிறிய கண்களுள்ள சிறிய காகங்கள் உண்டு. ஒன்று வந்து அப்பளத்தை எடுத்துக்கொண்டு போயிற்று.

அந்தச் சனிக்கிழமை பதினொரு மணிக்கு நாங்கள் இருவரும் சந்தைக்குப் போனோம். காற்று பலமாக இருந்தது. ஹெங்க் எங்களைக் கண்டதும் டப்பாவை எடுத்து, வெள்ளைக் காகிதத்தில் சுற்றி, நூலால் கட்டி, இரண்டு கைகளாலும் நீட்டினார். வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இந்த நாட்டில் ஒருவர் ஒன்றை இவ்வளவு கவனமாகக் கட்டி நான் பார்த்ததில்லை.

வாங்கிக்கொண்டேன். நூலின் முடிச்சு சிறியது. என் விரல்களுக்கு நேரம் பிடித்தது. கவிதா உதவ வந்தாள், வேண்டாம் என்றேன். அவிழ்த்து, காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டப்பாவை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"இது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பொடி தீர்ந்தால் நான் கொண்டுவருகிறேன்."

"சரி" என்றார் ஹெங்க். "உங்களுக்கு என்ன? கட்டித் தரட்டுமா?"

"பாதித் தட்டு. சூடாக" என்றேன். "இங்கேயே."

அவள் நின்ற மூலையில் போய் நின்றேன். மேற்கிலிருந்து வரும் காற்றை அந்த ஊர்தி மறைத்தது.